போதும் என்று காட்டும் கை

அன்று காலையில் மாப்பிள்ளை ஒரு நக்கல்கூட அடிக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். தண்ணீர் என்றால் அவருக்கு ஆகாது. படகுத்துறையின் மரப்பலகையில் காலை வைப்பதற்கு முன்பே உயிர்காப்புச் சட்டையைப் போட்டு, பக்கிள்களை எல்லாம் மாட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார். "ஏன் மாப்ளே, வீட்டுல குளிக்கும்போதும் இதைப் போட்டுக்குவீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். "உங்க வீட்டுக் குழாய்ல என்னைக்குத் தண்ணி வந்திருக்கு மச்சான், பயப்படறதுக்கு?" என்றார். உடம்பெல்லாம் நடுங்கினாலும் வாய் மட்டும் அடங்காத ஆள். அந்த வாய்தான் அன்று மூடிக் கிடந்தது.

அவரை என் படகுக்கு இழுத்து வந்தவள் என் தங்கை. வீட்டில் அவளுக்கு 'வாத்து' என்று பெயர். தண்ணீரைக் கண்டால் ஆளை மறந்துவிடுவாள். ஊரில் மற்றவர்கள் விடுமுறை நாளில் போர்த்திக்கொண்டு தூங்கும்போது இவள் ஒற்றைப் பலகையில் ஏறிக்கொண்டு ஏரியைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டிருப்பாள். ஸ்லாலம் என்று சொல்வார்கள். ஒரே பலகை, அதில் முன்னால் ஒரு பூட்ஸ், பின்னால் ஒரு பூட்ஸ். இடது கால் முன்னால், வலது கால் பின்னால். நான் படகை நடுவில் நூல் பிடித்தமாதிரி நேராக ஓட்டுவேன். அவள் கயிற்றின் முனையில் தொங்கிக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு மிதவை, அந்தப் பக்கம் ஒரு மிதவை என்று ஆறு மிதவைகளையும் சுற்றி வரவேண்டும். கேட்பதற்கு அவ்வளவுதான். செய்து பார்த்தால் தெரியும். நான் செய்து பார்த்து, இரண்டாவது மிதவையில் மூக்கில் தண்ணீர் ஏறி, ஸ்டியரிங்கே போதும் என்று ஒதுங்கியவன்.

படகில் இரண்டு பேர் இருந்தே ஆகவேண்டும் என்பது ஏரியின் விதி. ஓட்டுகிறவன் முன்னால் பார்க்க வேண்டும். இன்னொருவர் பின்னோக்கி உட்கார்ந்து, சறுக்குகிறவரை மட்டும் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். விழுந்தால் உடனே எனக்குச் சொல்லி, மற்றப் படகுகளுக்குத் தெரிய ஆரஞ்சுக் கொடியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இந்த வேலை மாப்பிள்ளைக்கு வந்தது. வேறு யாரும் அந்த நேரத்தில் எழுந்து வரமாட்டார்கள் என்பது ஒரு காரணம். தன் மனைவியை வேறொருவர் பார்த்துக்கொள்வதை அவரால் நம்ப முடியாது என்பது இன்னொன்று.

கூடவே அவருக்கு ஒரு வியாதி இருந்தது. கழுத்துக்கு முன்னால் கையை வீசிக் காட்டினால் 'போதும், நிறுத்து' என்று அர்த்தம். தண்ணீரில் இருப்பவர் படகுக்குக் காட்டவேண்டிய சைகை அது. எங்கள் படகில் தலைகீழ். மாப்பிள்ளைதான் அவளுக்குக் காட்டுவார். அவள் கொஞ்சம் சாய்ந்தால் காட்டுவார். நிமிர்ந்தால் காட்டுவார். தூரத்தில் ஒரு கொக்கு பறந்தால்கூட அந்தக் கை கழுத்துக்குப் போய்விடும். தங்கை முதலில் எரிச்சல்பட்டாள், பிறகு சிரித்தாள், அதற்குப் பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டாள். "அது அவருக்குக் கையில வர்ற இழுப்பு அண்ணா" என்பாள்.

போன பருவத்தில் அவள் விழுந்தது நிஜமாகவே மோசமான விழுகை. கடைசி மிதவையைத் தாண்டும்போது பலகையின் மூக்கு தண்ணீருக்குள் செருகிக்கொண்டது. உடம்பு ஒரு பக்கம் போனது, முன்கால் பூட்ஸுக்குள்ளேயே நின்றுவிட்டது. இடது முழங்காலில் தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சை வரைக்கும் போனது. "இன்னொரு தடவை முழங்கால் திருகினா, இந்த விளையாட்டை மட்டும் இல்ல, மாடிப்படியையும் மறந்துடணும். எந்தக் காலா இருந்தாலும் சரி" என்று மருத்துவர் சொன்னபோது நானும் மாப்பிள்ளையும் பக்கத்தில் இருந்தோம். அவள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, "எப்ப மறுபடியும் இறங்கலாம்?" என்று கேட்டாள். மருத்துவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். அதற்கப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி, எடை தூக்குதல், நடை. கடைசியில் மருத்துவரே சலித்துப்போய் அனுமதி கொடுத்தார்.

அவள் மறுபடியும் மிதவைகளுக்குள் இறங்கும் முதல் நாள் அது. எனக்கும் பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

முந்தின நாள் மாப்பிள்ளையின் கடைக்குப் போயிருந்தேன். மூக்குக்கண்ணாடிக் கடை. வாசலில் சட்டங்கள் அடுக்கிய கண்ணாடி அலமாரி, உள்ளே தடுப்புக்குப் பின்னால் அவர் வேலை செய்யும் சின்ன மேசை, அதில் கடுகளவு திருகாணிகள் போட்ட மூடிகள். என் சட்டம் இடது காதின் பின்னால் அறுக்கிறது என்று கொடுத்தேன். அவர் சட்டத்தின் இடது காலை மட்டும் சூடான காற்றில் காட்டி, விரலால் ஒரு நெளி நெளித்துக் கொடுத்தார். வலது பக்கமும் செய்துவிடுங்கள் என்றேன்.

"வலிக்கிற பக்கத்தை மட்டும்தான் தொடணும் மச்சான். வலிக்காத பக்கத்துல கை வச்சா ரெண்டும் கெட்டுடும். நான் தொழில்ல கத்துக்கிட்டது இது ஒண்ணுதான்" என்றார்.

பிறகு, சட்டத்தைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பூட்ஸ்ல மேலே ஒரு கயிறு, கீழே ஒரு கயிறு இருக்கே, எது எதுக்கு?" என்று கேட்டார்.

எனக்கு ஒரே சந்தோஷம். ஆள் ஒருவழியாக அக்கறை காட்டுகிறாரே என்று விலாவாரியாகச் சொன்னேன். மேல் கயிறு கணுக்காலைப் பிடிக்கிறது, ஒவ்வொரு தடவை போடும்போதும் இழுத்துக் கட்டுவது. கீழ்க் கயிறு பாதத்தைப் பிடிக்கிறது, பூட்ஸின் நாக்குக்கு அடியில் மறைந்திருக்கும். அதை ஒருமுறை அளவாக இறுக்கிவிட்டால் பருவம் முடியும்வரை யாரும் தொடமாட்டார்கள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். எனக்கு வாயில் சனி.

மறுநாள் காலை ஏரி அசையாமல் கிடந்தது. முதல் ஓட்டம் சும்மா, மிதவைகளுக்கு வெளியே, கால் பழகுவதற்கு. நன்றாகத்தான் போனாள். ஏரியின் அந்தக் கோடிக்குப் போனதும் வேகத்தைக் குறைத்தேன். அவள் கைப்பிடியை விட்டுவிட்டு மெதுவாகத் தண்ணீருக்குள் அமர்ந்தாள். படகைத் திருப்பி அவள் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"கால் இளைச்சிடுச்சு போல அண்ணா. இடது பூட்ஸ் கொஞ்சம் லொடலொடங்குது" என்றாள்.

"படுத்துக் கிடந்த காலு, இளைக்காம என்ன பண்ணும். மேல் கயித்தை இன்னும் கொஞ்சம் இழு."

இழுத்தாள். "ம், இப்ப பரவாயில்ல" என்றாள். மாப்பிள்ளை கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. வழக்கமான பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

"போலாம்!" என்று அவள் கத்தினாள். நான் லீவரைத் தள்ளினேன். படகு மூக்கைத் தூக்கி இறங்கியது. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அவள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்து நின்றாள். தூரத்தில் மிதவைகளின் நுழைவாயில் தெரிந்தது.

"மச்சான்."

"பின்னாடி பாருங்க மாப்ளே."

"பின்னாடிதான் பாத்துட்டிருக்கேன். பூட்ஸ் லூசா இருந்தா நல்லதுதானே? விழுந்தா கால் கழண்டு வந்துடும்ல?"

"ரெண்டும் சேந்து கழண்டா நல்லது. ஒண்ணு கழண்டு இன்னொண்ணு உள்ளயே நின்னுச்சுன்னா மொத்தப் பலகையும் அந்த ஒத்தக் காலைப் பிடிச்சு முறுக்கிடும். அதுக்கு ரெண்டும் இறுக்கமாவே இருந்துட்டுப் போகலாம்."

கொடிக் கம்பைக் கைமாற்றிப் பிடித்தார்.

"மச்சான், நேத்து சாயந்திரம் நான் இடதை மட்டும் தளத்திட்டேன். கீழ்க் கயிறு. அடிபட்ட காலாச்சேன்னு."

இடது கால் கழண்டுவிடும், வலது கால் நிற்கும். அறுபட்டுத் தைத்த காலைக் காப்பாற்றுகிறேன் என்று அந்த மனிதர் நல்ல காலைப் பணயம் வைத்திருக்கிறார். திட்டுவதற்கு வாயில் ஏழெட்டு வார்த்தை ஒரே நேரத்தில் வந்து நெரிசலாகி, ஒன்றும் வெளியே வரவில்லை.

"நிறுத்துங்க மச்சான்!"

"சட்டுனு நிறுத்தினா கயிறு தொய்ஞ்சு அவ சாஞ்சிருக்கிற பக்கமே விழுவா! கை காட்டுங்க. போதும்னு காட்டுங்க!"

காட்டினார். கொடியைக் காலடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் காட்டினார். கண்ணாடியில் பார்த்தேன். அவள் எங்கள் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. நுழைவாயிலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். புலி வருது புலி வருது என்று இத்தனை நாள் கத்தியாகிவிட்டது. இன்று புலி வந்து நிற்கிறது, யார் நம்புவார்?

ஒன்று மட்டும் என் கையில் இருந்தது. படகு நடுப்பாதையில் போகாவிட்டால் அவள் மிதவைகளுக்குள் போக முடியாது. நுழைவாயிலுக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்டியரிங்கை மெதுவாக வளைத்து, மிதவைகளுக்கு வெளியே படகை விட்டேன். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அது என் முட்டாள்தனம். அவள் யார் தங்கை என்பதை மறந்துவிட்டேன்.

கோபம் எங்கள் குடும்பச் சொத்து. இத்தனை மாதம் காத்திருந்த நுழைவாயில் கண்ணெதிரே கைநழுவிப் போனதும் அவளுக்குத் தலைக்கேறிவிட்டது. "அண்ணா!" என்று ஒரு கத்தல் எஞ்சினையும் மீறிக் கேட்டது. அடுத்த நொடி பலகையை ஓரமாகச் சாய்த்து, படகுக்குப் பின்னால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு வெட்டு வெட்டினாள். தண்ணீர் சுவர்மாதிரி எழும்பியது. மிதவை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று திரும்பி வந்து இன்னொரு வெட்டு.

வேகத்தைக் குறைக்கத் தொடங்கினேன். அதிலும் சிக்கல். ஓரளவு வேகத்தில் போனால்தான் படகு கிளப்பும் அலை தட்டையாக இருக்கும். வேகம் குறையக் குறைய அலை திட்டாக உயரும். அதைக் குறுக்கே வெட்டிக் கடப்பவரைத் தூக்கிப் போடும். நின்று நிதானமாக நடுவில் வந்தால் ஆபத்தே இல்லை. ஆனால் அவள்தான் வெறி பிடித்த மாதிரி குறுக்கே குறுக்கே போகிறாளே. மூன்றாவது தடவை கடக்கும்போது பலகை அலையில் தட்டி, அவள் ஒரு முழம் மேலே எகிறி இறங்கினாள். இடது முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. விழவில்லை. கட்டைவிரலை மேலே காட்டினாள். வேகமாகப் போ என்று எனக்கு உத்தரவு.

"நடுவுல வாடி! நடுவுல வா!" என்று நான் கத்தியது யாருக்குக் கேட்டதோ. மாப்பிள்ளையின் கைகள் கழுத்துக்கும் காற்றுக்கும் போய்ப் போய் வந்தன. அவர் குரல் உடைந்துவிட்டது. அவள் வலது பக்கம் வெகுதூரம் போய், அடுத்த வெட்டுக்கு உடம்பைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். அலை முன்னைவிட உயர்ந்திருந்தது. இந்தத் தடவை விழுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மாதிரி தெரிவது எவ்வளவு கொடுமை என்று சொல்லி முடியாது.

அப்போது படகு லேசாக ஆடியது. திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் இருக்கை காலி.

இடது பக்கம் தண்ணீரில் தொப்பென்று ஒரு சத்தம். குளியலறைத் தொட்டிக்கே யோசிக்கிற மனிதர் ஓடுகிற படகிலிருந்து ஏரிக்குள் குதித்திருந்தார்.

கை தானாக வேலை செய்தது. படகின் பின்பக்கம் அவரை விட்டு விலகும்படி ஸ்டியரிங்கை அவர் பக்கமே ஒடித்து, லீவரை இழுத்து, எஞ்சினை அணைத்தேன். அதற்கு முன்பே தங்கை கைப்பிடியை விட்டிருந்தாள். கணவர் தண்ணீருக்குள் போனதைப் பார்த்த மறுகணமே விட்டிருக்க வேண்டும். கயிறு இல்லாமல் வலது பக்கத்தில் நேராகச் சறுக்கிக்கொண்டே போய், வேகம் அடங்கி, நாற்காலியில் அமர்வதுபோலத் தண்ணீருக்குள் அமர்ந்தாள். அதைவிடப் பத்திரமாக யாரும் நிற்க முடியாது.

கொடியைத் தேடி எடுத்து உயர்த்திப் பிடித்தேன்.

மாப்பிள்ளை உயிர்காப்புச் சட்டைக்குள் கழுத்துவரை புதைந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு மிதந்தார். "கண்ணைத் திறங்க! நீங்க மிதக்குறீங்க!" என்று கத்தினேன். திறக்கவில்லை.

தங்கை பலகையைக் கழற்றினாள். இடது கால் தானாக வழுக்கி வந்துவிட்டது. வலது காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கழற்ற வேண்டியிருந்தது. அவள் ஒரு கணம் அந்த இடது பூட்ஸைத் தூக்கிப் பார்த்தாள். நாக்கைத் தள்ளி உள்ளே விரலை விட்டாள். பிறகு பலகையை முன்னால் தள்ளிக்கொண்டே அவரிடம் நீந்திப் போனாள்.

நான் ஒரு பெரிய கச்சேரிக்குத் தயாராக இருந்தேன். அவள் கத்தவில்லை. அவர் கையைப் பிடித்துப் பலகையின் மேல் வைத்தாள்.

"உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியாது." பல் தந்தியடித்தது.

"அப்புறம் எதுக்குக் குதிச்சீங்க?"

"கை காட்டினேன். நீ பாக்கல."

அவள் முகம் என்னவோ ஆகிவிட்டது. பிறகு, "சொல்லிட்டுத் தளத்தியிருக்கலாம்ல?" என்றாள்.

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

"மாட்டேன்தான்."

இரண்டு பேரும் ஒரே பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். நடுவில் போய்த் திட்டுவதற்கு எனக்கே கூச்சமாக இருந்தது. ஏணியை இறக்கிவிட்டுச் சும்மா நின்றேன்.

"நான் தண்ணியில இறங்குற ஒவ்வொரு நாளும் உங்களுக்கு ஒரே ஒரு கைதான்" என்றாள் அவள். "ஒரு தடவை. அந்த ஒரு தடவை நீங்க போதும்னு காட்டினா, கடைசி மிதவை கையெட்டுற தூரத்துல இருந்தாலும் கயித்தை விட்டுடுவேன். எதுக்குன்னு கேக்க மாட்டேன். ஆனா ஒண்ணுதான். கொக்குக்கும் குருவிக்கும் செலவு பண்ணிட்டு அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. என் பூட்ஸையும் தொடக் கூடாது."

"சரி" என்றார் அவர். கண்ணை அப்போதுதான் திறந்தார்.

அடுத்த வாரம் மறுபடியும் அதே மூவர். துறையில் உட்கார்ந்து அவள் இரண்டு பூட்ஸின் கீழ்க் கயிற்றையும் அவர் கண்முன்னே ஒரே அளவாக இறுக்கினாள். அவர் பக்கத்தில் நின்று பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. வருவாரோ மாட்டாரோ என்று நினைத்திருந்தேன். ஓடுகிற படகிலிருந்து குதித்த மனிதர், படகில் ஏறும்போது வழக்கம்போல என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்.

நுழைவாயிலை நேராகப் பிடித்தேன். அன்று நான் கண்ணாடியில் தங்கையைப் பார்த்ததைவிட மாப்பிள்ளையைத்தான் அதிகம் பார்த்தேன். கொடி இடது கையில் இருந்தது. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். முதல் மிதவை. இரண்டாவது. நான்காவதில் அவள் சற்றுத் தாமதித்துவிட்டாள். எட்டிப் பிடிக்க வேண்டும் என்று முழங்கை தண்ணீரில் உரசும் அளவுக்குச் சாய்ந்தாள். கயிறு விண்ணென்று இறுகியது. அவர் இருக்கையிலிருந்து எழும்பியேவிட்டார். கை பாதி வெளியே வந்தது.

காட்டினால் அவள் விட்டுவிடுவாள். சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு. காட்டாமல் அவள் விழுந்தால், இந்த மனிதர் சாகும்வரை தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கை திரும்பவும் உள்ளே போனது.

ஐந்தாவது. ஆறாவது. வெளிவாயில். அவள் கைப்பிடியை விட்டு, தண்ணீரில் அமர்ந்து, நலமாக இருக்கிறேன் என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் சேர்த்துக் காட்டினாள். சிரிப்பு அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது.

"மாப்ளே, முடிஞ்சது. கையை எடுங்க, மரத்துப் போயிடும்" என்றேன்.

கையை எடுத்தார். உள்ளங்கை முழுக்க இருக்கையின் தையல் பதிந்து சிவந்திருந்தது. விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டே, "உங்க சீட்டுல பஞ்சே இல்ல மச்சான்" என்றார். வாய் திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

படகைத் திருப்பி அவள் பக்கத்தில் கொண்டுபோனேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, அவள் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னொரு தடவை போகட்டா?"

மாப்பிள்ளை கையை மறுபடியும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.